எஃப்ஓபி கணக்கில் துபாய்க்குப் போனவள்

மெஷின் ஆயிலும் புதுச் சாயமும் கலந்த அந்த வாசம்...

துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட். தரை துடைக்கிற துணி பாக்கெட்டை மூக்கருகே வைத்துக்கொண்டு நடுக்கடையில் நின்றேன். கூச்சமே இல்லாமல் இன்னொரு தடவையும் முகர்ந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. பனியன் வேஸ்ட்.

எங்கள் திருப்பூரில் கட்டிங் டேபிளுக்குக் கீழே குவிந்து கிடக்குமே, அந்தத் துண்டுத் துணிதான். வண்டி துடைக்க, அடுப்பு துடைக்க, பிள்ளைக்கு மூக்கு துடைக்க என்று எல்லாவற்றுக்கும் அதுதான். பிறந்ததிலிருந்து அதை நான் காசு கொடுத்து வாங்கியதில்லை. இங்கே அதையே அழகாக மடித்து, பார்கோடு ஒட்டி, விலை போட்டு வைத்திருந்தார்கள். ரூமில் டீ கொட்டிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் வாங்கினேன்.

ஏழு வருடத்துக்கு முந்தைய கதை இது. அதுவரை திருப்பூரில் நான் மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் இங்கே தைக்கிற பாக்டரிக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. துபாயில் ஒரு ஆபீஸில் வேலை கிடைத்ததும் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"மூணே மாசமுங்க மாமா. உங்களையும் பாப்பாவையும் அங்க கூட்டிக்குவேன்."

மாமா முதலிபாளையத்தில் தைத்த துணியில் பழுது பார்த்துப் பிரிக்கிற செக்கிங் யூனிட் ஒன்றைச் சின்னதாக நடத்திக்கொண்டிருந்தார். பாப்பாவுக்கு அப்போது நாலு வயது.

வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. டி-சர்ட்டுக்குப் போடுவது போலவே துபாய்க்கும் ஒரு காஸ்டிங் ஷீட், அதாவது வரி வரியாகச் செலவுக் கணக்கு, போட்டிருந்தேன். மெடிக்கல், விசா, டிக்கெட், பெட்டி, ஊறுகாய், ஏர்போர்ட் வரைக்கும் கார் வாடகை... வேஸ்டேஜ் ஐந்து சதவீதம் கூட உண்டு. என் காஸ்டிங்கில் ஓட்டை கண்டுபிடிக்கிற பையர் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

போய்ப் பார்த்தால் ஒரு ரூமுக்கு ஆறு பெண்கள். அதற்குப் பெயர் 'பெட் ஸ்பேஸ்'. விளம்பரத்தில் படித்தபோது, பெட்ரூம் கொஞ்சம் சின்னதாக இருக்கும் போல என்றுதான் நினைத்தேன். பெட் இருந்தது. ஸ்பேஸ்தான் இல்லை. மேல் கட்டில் எனக்கு, கீழ்க் கட்டில் ஒரு மலையாளத்துச் சேச்சிக்கு. அவர் புரண்டு படுத்தால் எனக்கு ஊஞ்சல்.

குடும்பத்தைக் கூப்பிட வேண்டுமென்றால் தனி வீடு வேண்டும். வீடு கேட்டால் மாத வாடகை என்ற பேச்சே இல்லை, வருட வாடகையை நாலே நாலு செக்காக முன்கூட்டியே கேட்டார்கள். அதற்கு மேல் டெபாசிட், புரோக்கர் கமிஷன். கரண்டுக்கும் தண்ணீருக்கும் இன்னொரு டெபாசிட். ஏசி குளிர்ச்சிக்குத் தனியாக ஒரு பில். மூன்று மாதம் ஐந்து மாதமானது. எங்கே தப்பு செய்தேன் என்றுதான் புரியவில்லை.

அந்தத் துணி பாக்கெட் வாங்கிய அன்று மாமாவிடம் போனில் சொன்னேன்.

"அம்மிணி, வேஸ்ட்டயா காசு குடுத்து வாங்குனே? வெளிய யாருகிட்டயும் சொல்லீறாதே. நம்மூரு மானமே போயிரும்."

சிரித்து முடித்துவிட்டு, "செரி, அந்தக் காஸ்டிங் ஷீட்ட அனுப்பு, பாக்கலாம்" என்றார். அனுப்பினேன். ஒவ்வொரு வரியாக முணுமுணுத்துக்கொண்டே படித்தார்.

"அம்மிணி..."

"சொல்லுங்க மாமா."

"இத எஃப்ஓபில போட்டு வெச்சிருக்கறயே."

தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்... எங்கள் தொழிலில் எஃப்ஓபி என்றால், சரக்கைத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுகிற வரைக்கும்தான் நம் செலவு. கப்பல் கிளம்பிய பிறகு பையர் பாடு. பத்து வருடம் அப்படியே போட்டுப் பழகிய கை, என் குடும்பத்துக்கும் அப்படியே போட்டுவிட்டது. ஏர்போர்ட் வரைக்கும் ஊறுகாய் பாட்டில் கூட விட்டுப்போகவில்லை. இறங்கிய பிறகு ஒரு வரி இல்லை. இந்தச் சரக்குக்கு பையரும் நான்தான் என்பதை மறந்தே போயிருந்தேன்.

மாமா சிரித்தார், நானும் சிரித்தேன். போனை வைத்ததும் சேச்சிக்குக் கேட்காமல் அழுதேன். ஏனென்றால் அந்த வாரம்தான், வீடியோ காலில் என் முகம் அசையாமல் அப்படியே நின்று போனதும் பாப்பா சொல்லியிருந்தாள்: "அப்பா, அம்மாவுக்கு சார்ஜ் தீந்து போச்சுங்க."

அவளுக்கு அம்மா என்றால் போனுக்குள் இருக்கிற ஒரு முகம். இன்னும் கொஞ்ச நாள் போனால் அப்படியே பழகிவிடுவாளோ என்று பயந்துவிட்டேன்.

இரண்டு பேருமாகப் புது ஷீட் போட்டோம், இறங்கிய பிறகு ஆகிற செலவில் ஆரம்பித்து. துபாயை விட்டுவிட்டு, வாடகை குறைந்த பக்கத்து ஊர் ஷார்ஜாவில் ஒரே ஒரு ரூம் வீடு பார்த்தேன். அலமாரியைத் திறந்தால் அதுதான் சமையலறை. ஆபீஸுக்குப் போக வர பஸ்ஸிலேயே பாதி ஆயுசு போகும். போகட்டும், கதவைச் சாத்தினால் உள்ளே நாங்கள் மூன்று பேர்தான்.

ஒன்பதாவது மாதம் வந்து இறங்கினார்கள். மாமா ஒரு பெரிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னங்க மாமா இத்தன கனம்?"

"வேஸ்ட்டுத் துணி. இனி நீ கடைல வாங்கக் கூடாது பாத்துக்க."

பாப்பா அவர் காலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். என்னிடம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், அப்படியே கீழே வரைக்கும் பார்த்தாள். அப்புறம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, ரகசியம் போலச் சொன்னாள்.

"அப்பா... அம்மாவுக்குக் காலெல்லாம் இருக்குதுங்க."

ஏர்போர்ட் என்றும் பார்க்காமல் அங்கேயே தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இப்போது வீடு கொஞ்சம் பெரியது. சமையலறைக்குத் தனிக் கதவு உண்டு. தரையைத் துடைக்கத் தானாகவே சுற்றி வருகிற ஒரு மெஷின் இருக்கிறது. பெட்டி நிறைய வந்த வேஸ்ட் எப்போதோ தீர்ந்துவிட்டது. பாப்பாவுக்குப் பதினோரு வயது, தனி ரூம், எந்நேரமும் சாத்திய கதவு.

நேற்று சாயங்காலம் அடுப்படியில் நின்றிருந்தேன். போனில் மெசேஜ் வந்தது. பத்தடி தூரத்திலிருந்து.

"அம்மா, தோசை."

பதில் போடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கதவைத் தட்டினேன்.

காலெல்லாம் இருக்கிறதே.