சந்தைக்கு இறங்கிய ஏரி

கொடைக்கானல் ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில் ஸ்டூடியோ வைத்துக்கொண்டு, அதே ஏரியைத் துணியில் வரைந்து கடைக்குள் தொங்கவிட்ட மனிதர் உலகத்திலேயே எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். சிரிக்காதீர்கள், அதில் நியாயம் இருந்தது. கீழேயிருந்து வருகிறவர்களுக்கு ஏரியோடு படம் எடுத்துக்கொள்ள ஆசை. அவர்கள் வந்து நிற்கிற நேரம் பார்த்து மேகம் இறங்கி ஏரியை மூடிவிடும். அது எப்போது விலகுமென்று முருகனுக்கே தெரியாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று அவர்கள் தவிக்கும்போது அப்பா, "உள்ள வாங்க, மூடாத ஏரி ஒண்ணு இருக்கு" என்பார்.

அதை வரைந்தவர் திண்டுக்கல்லில் நாடகத்துக்குத் திரை எழுதுகிறவர். கொடைக்கானலைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்பா வாயால் சொன்னதைக் கேட்டு வரைந்துவிட்டார். ஏரி வந்திருந்தது, படகு வந்திருந்தது. கரையில் மட்டும், தண்ணீர் இருக்கிற இடத்தில் தென்னை இல்லாமல் போகுமா என்று, அவரே யோசித்து நாலைந்து தென்னைகளை நட்டுவிட்டார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் படம் எடுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூட இந்தக் குளிரில் தென்னை ஏது என்று கேட்டதில்லை.

நான் சொல்வது ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம். எனக்கு எட்டு வயது. எங்கள் பிழைப்பெல்லாம் சித்திரை, வைகாசி சீசனில்தான். அந்த இரண்டு மாதம் கை கொடுத்தால் மற்ற மாதங்களைத் தள்ளிவிடலாம். அந்த வருஷம் சித்திரை பிறந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. பாதையைச் சரிசெய்த பிறகும் கீழே இருந்தவர்களுக்குப் பயம் விடவில்லை. மலையே பாதி போய்விட்டதாம் என்று ஒன்றைப் பத்தாக்கிப் பேசிக்கொண்டார்கள். பக்கத்துக் கடை ஸ்வெட்டர் பாய், மடித்த ஸ்வெட்டரையெல்லாம் உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். "இப்படியே மடிச்சா நூலு தேஞ்சிரும்ணே" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் உயிர் இருக்காது.

கன்னிவாடியில் அரிசி மில் வைத்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன், ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். மில்லில் கணக்கு எழுத ஆள் வேண்டுமாம். கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு இறங்கி வரச் சொன்னார். "இந்த சீசன் தேறலைன்னா எறங்கிருவோம்" என்றார் அப்பா. என் பள்ளிக்கூடம், நான் மட்டும் ஏறுகிற பேரிக்காய் மரம், வாயைத் திறந்தால் புகை வருகிற காலைகள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு உமித் தூசிக்குள் போவதாவது! அம்மா மறுநாளே பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். எதிலும் முன்ஜாக்கிரதைக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய கோட்டு, கழுத்தில் மப்ளர், இது இல்லாமல் அம்மாவை நான் பார்த்ததே கிடையாது. பாதமெல்லாம் வெடிப்பு, ராத்திரி பகல் பாராத இருமல். முற்றத்தில் உள்ளங்கை அகலம் வெயில் விழுந்தாலும் போட்ட வேலையைப் போட்டபடி விட்டுவிட்டுப் போய் அதில் நின்றுகொள்வாள்.

அந்த வாரம் அம்மாவும் நானும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். மழை நிற்க வேண்டும், கூட்டம் வர வேண்டும், நாங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. தாயும் மகளும் சேர்ந்து கேட்டால் முருகன் தட்டவா போகிறார் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

முருகன் அசையவில்லை. மழை விட்டது, கூட்டம் வரவில்லை. ஒரு நாள் காலையில் அப்பா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த ஊர விட்டுட்டு எப்படித்தான் இருக்கப் போறனோ" என்றார். அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏன், எங்க ஊர்க்காரங்க இல்லையா? பொறந்ததுலருந்து இந்த மலைய அண்ணாந்து பாத்துக்கிட்டுத்தான் கெடக்காங்க. ஒருத்தராச்சும் ஏறி வந்திருப்பாங்களா? அவங்க என்ன வாழாமயா போயிட்டாங்க?"

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். "என்ன சொன்ன? இன்னொருக்கா சொல்லு."

"மலைய அண்ணாந்து பாக்குறாங்க, ஏறுனதில்லைன்னேன்."

"அவங்க ஏற வேணாம், புள்ள. நாம ஏரியக் கொண்டுபோய் எறக்கிருவோம்!"

அப்பா எழுந்து ஸ்டூடியோவுக்கு ஓடினார். அம்மா கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமலை அடக்குகிறாள் என்று நான் அடுப்பிலிருந்து வெந்நீர் எடுத்துக் கொடுத்தேன்.

வத்தலக்குண்டு வாரச் சந்தையில் திரையைக் கட்டுவது என்று முடிவானது. ஸ்வெட்டர் பாய் ஒரு மூட்டை ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் தூக்கிக் கொடுத்தார். "பூச்சி அரிக்கிறதுக்குப் பதிலா நாலு சனம் போட்டுட்டுத்தான் போகட்டுமே" என்றார். வெள்ளனே பஸ் ஏறினோம். ஏரி சுருட்டப்பட்டு பஸ்ஸின் தலைமேல் கிடந்தது. எனக்கு முதல் வளைவிலேயே குமட்டத் தொடங்கிவிட்டது. அம்மா எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி என் மூக்கில் பிடித்தாள். அம்மாவுக்கு அந்தப் பாதையில் ஒரு நாளும் குமட்டியதில்லை. பாதி வழியில் மப்ளரை அவிழ்த்தாள். வத்தலக்குண்டு வந்தபோது கோட்டு மடியில் மடிந்து கிடந்தது.

இரண்டு புளியமரங்களுக்கு நடுவில் திரையைக் கட்டி, முன்னால் ஒரு நாற்காலி போட்டோம். காற்றடித்தால் ஏரி வயிற்றை உப்பிக்கொண்டு முன்னால் வந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை, சிரிப்புக்கும் குறைவில்லை.

"ஏலே, வேகாத வெயில்ல சொட்டராம்லே!"

"அண்ணே, கொடைக்கானல்ல தென்னை இருக்காண்ணே?"

"இல்லாமயாடா வரைவாரு? நீ ஒஞ்சோலியப் பாரு."

உட்காரத்தான் ஆளில்லை. படத்தை மேலே கொண்டுபோய்க் கழுவி அடுத்த சந்தைக்குத்தான் கொடுக்க முடியும். காசை வாங்கிக்கொண்டு மலையேறிவிட்டால் யார் தேடிப் போவது என்று ஒருவர் சத்தமாகவே கேட்டுவிட்டார். அப்பா தொண்டை வறளக் கூப்பிட்டுப் பார்த்தார். உச்சி வெயில் ஏறியதும் புளியமரத்துக் கயிற்றை அவிழ்க்கப் போனார். முடிச்சு அவர் கைக்கு வசப்படவில்லை. "சரி, மூட்டையக் கட்டு. முடிஞ்சுச்சு" என்றார். நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

அம்மா அதுவரை நிழலை விட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்தாள். மூட்டைக்குள் கைவிட்டு இருப்பதிலேயே தடித்த சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துப் போட்டாள். குரங்குக் குல்லாவை மாட்டினாள். அத்தனை பேர் முன்னால் நாற்காலியில் போய் உட்கார்ந்து, எதிரே கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்துச் சத்தம் கொடுத்தாள்.

"யக்கா, கன்னிவாடிதான நீங்க? என்னையத் தெரியலையா? மில்லுக்காரர் தங்கச்சி. படம் வரலைன்னா எங்கண்ணன் வாசல்ல வந்து நில்லுங்க!"

"யாத்தீ! மலையில வாக்கப்பட்ட புள்ளையா? ஆளே உருகிப் போயிட்டியேடி!"

அந்த அக்கா புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? வேர்க்க வேர்க்க ஸ்வெட்டர் கை மாறியது. "குளிருதுன்னு நெனச்சுக்கங்க" என்று அப்பா சொன்னதும் ஒருவர் பல்லைக் கடகடவென்று அடித்தே காட்டினார். இன்னொருவர், விற்கக் கொண்டுவந்த கிடாயோடுதான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று, அதற்கும் ஒரு குல்லா வாங்கி மாட்டினார். அடுத்த சந்தைக்கும் வருவீர்களா என்று ஆட்கள் கேட்டுக் கேட்டுப் போனார்கள்.

கடைசியில் ஒரே ஒரு படத்துக்கான தகடு மிஞ்சியது. அப்பா முகமெல்லாம் பல்லாக, "வா, ஒன்னைய எடுக்குறேன். அந்தச் சொட்டரைப் போடு" என்றார். அம்மா மாட்டேன் என்றாள். கோட்டையும் போடவில்லை. திரையைத் தாண்டிப் பொட்டலில் போய் வெறும் சேலையோடு நின்று முகத்தை வெயிலுக்கு நிமிர்த்தினாள்.

"கண்ணு கூசும், புள்ள."

"கூசட்டும். இங்கன வச்சே எடுங்க."

அப்பா காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. அம்மா கண்ணை மூடிவிட்டாள், படம் கெட்டுப்போய்விட்டது என்று நான் கத்தினேன்.

அந்தப் படத்தை அப்பா கடை முகப்புக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. படம் கழுவுகிற இருட்டறையில் மாட்டிக்கொண்டார். கெட்ட படம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். மாமா மில்லுக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார். அம்மா கடைசிவரை அந்தக் கோட்டோடும் இருமலோடும் மலையிலேயே இருந்து, மலையிலேயே போனாள். நான் கல்யாணமாகி விருதுநகர் வெக்கைக்கு வந்த வருஷம், ஒரு மார்கழி விடியலில் கொல்லைப்புறம் லேசாகக் குளிர்ந்தது. என்னையறியாமல் கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். சட்டென்று அந்தப் படம் நினைவுக்கு வந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதேன். அன்று கோயிலில் அம்மா என்ன கேட்டிருப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. என் வேண்டுதலை நிறைவேற்றி வைத்தது முருகன் இல்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். அப்பா முன் இருக்கையில் கண்டக்டரிடம் கிடாய்க் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். குளிர் ஏற ஏற அம்மா முதலில் கோட்டைப் போட்டாள், பிறகு மப்ளரைச் சுற்றினாள்.

"கன்னிவாடிக்குப் போக வேணாம்லம்மா?"

"வேணாம்டி. ஒங்கப்பா பொழச்சுக்கிட்டாரு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே ஊர்களில் விளக்கேற்றத் தொடங்கியிருந்தார்கள். அம்மாவின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அடடா, அம்மாவுக்கும் குமட்டுகிறது! பாவாடையில் முடிந்து வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, அம்மா செய்வதுபோலவே நகத்தால் கீறி அவள் மூக்கில் பிடித்தேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அதை வாங்கினாள். வீடு வரும்வரை கீழே வைக்கவில்லை. நான் கொடுத்த பழத்துக்குக் குமட்டல் கேட்டுவிட்டதே என்று எனக்கு அன்று தாங்க முடியாத பெருமை.