ஆவிக்குக் கொடுத்த வசனங்கள்

கதை எழுதுகிறவனைவிட அதற்கு மார்ஜின் வைக்கிறவனுக்குத்தான் முதுகுவலி ஜாஸ்தி. சிதம்பரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புராஜெக்ட் டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். என்னைத் திரைக்கதைப் பக்கம் இழுத்துவிட்டது என் மனைவியின் தம்பி. சென்னையில் உதவி இயக்குநராக இருந்தவன், அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் சொந்த ஊரான கீரப்பாளையத்துக்கே திரும்பிவிட்டான். வரும்போது ஒரு தயாரிப்பாளரிடம் பேய்க்கதை ஒன்றைச் சொல்லி, முழுத் திரைக்கதையும் தருவதாக ஒப்புக்கொண்டு வந்திருந்தான். இது போனால் அவனுக்கு வேறு வழியில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

மச்சானுக்கு எழுத வராது, சொல்லத்தான் வரும். பேசுவதை எழுத்தாக மாற்றும் ஆப்பைப் போனில் திறந்துவைத்துக்கொண்டு, வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி "சீன் நாலு, வீடு, உள்ளே, பகல்" என்று தொடங்குவான். அது எங்கள் இருவருக்கும் பொதுவான ஃபைலில் வந்து விழும். நான் கடையில் உட்கார்ந்து அதைத் திரைக்கதை மென்பொருளுக்கு மாற்றுவேன். அந்த மென்பொருள் சரியான கறார் ஆசாமி. இது காட்சித் தலைப்பா, நடப்பதா, வசனமா என்று வரிக்கு வரி கேட்கும். வசனம் என்றால் யாருடையது என்று சொல்லாமல் அடுத்த வரிக்கு நகர விடாது.

மச்சான் பாதி வசனங்களுக்கு ஆள் பெயரே சொல்ல மாட்டான். கேட்டால், "ஆள் பேரு இல்லன்னா நீங்களே பாத்து யாருக்காவது குடுத்துடுங்க மாமா" என்பான். அப்படித்தான் வேலை ஓடியது.

ஆறாவது காட்சிக்குப் பிறகு ஃபைலில் வேறு மாதிரி வரிகள் வர ஆரம்பித்தன. 'யாரது.' 'கதவு.' நடுவே பொருளில்லாத எழுத்துக்கூட்டம். பிறகு, 'நான் இங்க இருக்கேன்.' அதுவரை மச்சான் கதையில் வந்த பெண் ஆவி, வாயைத் திறந்தால் பரம்பரைக் கதையை ஒரு பக்கத்துக்குப் பேசும். இப்போதுதான் பையனுக்குப் புத்தி வந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். குப்பையை நீக்கிவிட்டு, மிச்சத்தை ஆவி கணக்கில் போட்டேன். நாளாக ஆக 'ஆ' என்று அடித்தாலே மென்பொருள் 'ஆவி' என்று தானாகப் போட்டுக் காட்டியது. 'பாக்காம போற.' ஆவி. 'தண்ணி.' ஆவி. அந்த வரிகளுக்கு இடம் ஒதுக்கும்போது கடையில் ஆள் இருந்தால் தேவலை என்று தோன்றும்.

ஒரு நாள் மதியம் மச்சான் வண்டியை வேகமாக நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

"மாமா, தயாரிப்பாளர் போன் பண்ணாரு. அந்த ஆவி பேசுறது வயித்தக் கலக்குதாம். இன்னும் ஜாஸ்தி பண்ணச் சொல்றாரு. நீங்க இன்னும் கொஞ்சம் எழுதிக் குடுங்க."

"நான் எங்கடா எழுதுனேன்? நீ சொல்றத ஒட்டுறதுதான என் வேல?"

"வெளையாடாதீங்க. நான் அப்புடி ஒரு வரிகூடச் சொல்லல. நீங்க கை வச்சிருக்கீங்க, நல்லாத்தான் இருக்குன்னு நான் கம்முனு இருந்தேன்."

பொது ஃபைலைத் திறந்து காட்டினேன். அவன் சொன்ன காட்சி பாதியில் நிற்கிறது. அதற்குக் கீழே அந்த வரிகள். அவன் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். வெளியே பஸ் ஹாரன் காதைப் பிளக்கிறது, வெயில் கொளுத்துகிறது, எனக்கோ பயம். பட்டப்பகலில் பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"அம்மாவா இருக்குமா மாமா?" என்றான் மெதுவாக. என் மாமியார் அந்த வீட்டில்தான் இறந்தார்.

"உளறாத. பேசாத நேரத்துல போன எங்க வப்ப?"

"அப்பா ரூம் ஜன்னல்ல. வீட்டுக்குள்ள அங்க மட்டுந்தான டவர் கெடைக்குது. கதை ஓடலன்னா அப்புடியே வச்சிட்டு டீக்கடைக்குப் போயிடுவேன்."

"ஆப்ப நிறுத்திட்டுத்தான் போவியா?"

"அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்."

"அந்த நேரத்துல ரூம்ல யாரு இருப்பா?"

"யாரும் இருக்க மாட்டாங்க மாமா. அப்பா மட்டுந்தான்."

சொன்னது என்ன என்று அவனுக்கு உறைக்கவில்லை. எனக்கும் உடனே உறைக்கவில்லை என்பதுதான் கொடுமை. என் மாமனார் நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஆலை யார்டில் வேலை பார்த்தவர். வரிசையில் நிற்கிற டிராக்டர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், மைக் தேவைப்படாது. எங்கள் கல்யாணத்தன்று மேளத்தைத் தாண்டி அவர் குரல் கேட்டது. பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு சொல் வரவில்லை. பேச்சு திரும்புவது கஷ்டம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அதன்பிறகு அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேச எல்லோரும் பழகிவிட்டோம்.

மறுநாள் மதியம் அதைச் சோதித்துப் பார்க்கக் கீரப்பாளையம் போனேன். மச்சான் வழக்கம்போல ஆப்பைத் திறந்து போனை ஜன்னலில் வைத்தான். மாமனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "அப்பா, நாங்க டீ சாப்புட்டு வரோம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். வண்டியை ஸ்டார்ட் செய்து, தெருமுனை வரை போய் நிறுத்திவிட்டு நடந்து திரும்பினோம். வீட்டெதிரே நின்ற டிராக்டர் டிரெய்லரின் மேல் லேப்டாப்பை வைத்து ஃபைலைத் திறந்தேன்.

வெற்றுப் பக்கம். தெருவில் ஆள் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கர்சர் மட்டும் விட்டு விட்டு மின்னியது. போய்விடலாமா என்று நினைத்தபோது ஓர் எழுத்து விழுந்தது.

'த.'

ஆப் அதை அழித்துவிட்டு வேறு எதையோ போட்டது, மறுபடி அழித்தது. மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

'தம்.' 'தம்பி.' 'தம்பி.' 'தம்பி சா.' 'தம்பி சாப்.'

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் முதலிலிருந்து.

'தம்பி. தம்பி சாப். தம்பி சாப்டியா.'

பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கும் முன் பிள்ளைகள் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்க்குமே, அது போல. மனுஷன் பழகிக்கொண்டிருந்தார். யார்டையே கூப்பிட்ட குரல் இப்படி உடைந்து வருவதை நாங்கள் கேட்கக் கூடாது என்று, ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தார். நான் அதை எடுத்து, அளவாக இடம்விட்டு, செத்தவள் பேசுகிற வசனமாக அடுக்கி வைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மச்சான் உள்ளே போனான். அவன் செருப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், எழுத்து நின்றுவிட்டது. எனக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யார் பேசுவது என்று அந்த ஆப்புக்குப் பிரிக்கத் தெரியாது, வந்ததையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டது.

'அப்பா.'

'இன்னும் சாப்புடலப்பா.'

அதற்குப் பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. வெயில் திரையில் அடித்தது, கையை மறைப்பாக வைத்துக் குனிந்து பார்த்தேன். கீழே வந்திருந்தது.

'சாப்டு.'

மாமனார் பக்கத்தில் இலையைப் போட்டு அங்கேயே சாப்பிட்டோம். ரசத்துக்குக் கை நீட்டும்போது தயாரிப்பாளர் போன் வந்தது. ஆவிக்கு வசனம் கூட்டியாயிற்றா என்று அவர் கேட்பது எனக்கே கேட்டது.

"அந்த வரி எல்லாத்தையும் தூக்கிடறேன் சார்" என்றான் மச்சான். எதிர்முனையில் குரல் உயர்ந்தது. அந்தப் படம் அப்போதே கைவிட்டுப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது. அவனுக்கும் புரியாமலில்லை. எச்சில் கையை இலைமேல் வைத்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"இல்ல சார். அவுரு உயிரோட இருக்காரு."