பேட்டரி அல்ல என்று நான் சாதித்த காலை

பதினோரு வருடமாக நான் கார்க்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன், ஒரு காரின் பானட்டைக்கூடத் திறக்காமல். வழியில் வண்டி நின்றுபோனவர்கள் கூப்பிடும் உதவி மையத்தில் எனக்கு வேலை. காதில் ஹெட்போன், எதிரே கம்ப்யூட்டர், அதில் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல். அவ்வளவுதான் என் பட்டறை.

இருந்தாலும் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. ஸ்டார்ட் ஆகாத வண்டி என்ன சத்தம் போடுகிறது என்று கேட்பேன். பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டே வாயால் சத்தம் போட்டுக் காட்டுவார்கள். "ர்ர்... ர்ர்..." என்று இழுத்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது. "டிக் டிக் டிக்" என்றால் இன்னும் மோசம். சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் மங்கினால் சந்தேகமே இல்லை, பேட்டரிதான். மங்காமல் பளிச்சென்று எரிந்து, வண்டி மட்டும் ஊமையாக இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும்.

பட்டியலில் நான்காவது கேள்வி: "இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பாட்டு, ஃபேன் ஏதாவது ஓடவிட்டீங்களா?" இதற்கு யாரும் உண்மை சொன்னதில்லை. ஒரு சின்ன இடைவெளி வரும். பிறகு "சேச்சே, இல்லவே இல்லை" என்று குரல் ஒரு படி ஏறும். அந்த இடைவெளியை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பட்டியலை ஒரு எழுத்து மாறாமல் ஒப்பிப்பதால் அவளுக்கு ஆபீஸில் பெயர் கிளி.

இனி என் வண்டவாளம். இரண்டு வருடம் முன்பு ஒரு பழைய கார் வாங்கினேன். வேலை முடிந்து ஆறரை மணிக்கு எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நிறுத்துவேன். மூன்றாவது மாடியில் என் வீடு. என் கணவர் வீட்டிலேயே கணக்கு ட்யூஷன் எடுக்கிறார். ஆறு மணி முதல் ஏழேகால் வரை எங்கள் ஹாலில் பதினாலு பிள்ளைகள். கதவைத் திறந்தால் பதினாலு தலையும் திரும்பி, "குட் ஈவ்னிங் ஆன்ட்டி" என்று கோரஸ் பாடும். நாள் முழுக்க அடுத்தவர் குரலைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு அது தாங்குமா? அதனால் நான் காரிலேயே உட்கார்ந்துவிடுவேன். சீட்டைச் சாய்த்து, ஃபேனை வைத்து, பழைய பாட்டைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம். மேலே போனதும், "அப்பப்பா, என்ன டிராஃபிக்!" என்பேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, மகளைப் பள்ளியில் விட வேண்டும், அவளுக்கு அறிவியல் பரீட்சை. சாவியைத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம். அதோடு சரி. மறுபடி திருப்பினேன். அந்த "டக்"கும் இல்லை. மகள் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலோடு கணவர் கீழே வந்தார்.

"பேட்டரியா இருக்குமோ?"

"இல்லீங்க. லைட் எல்லாம் எரியுது பாருங்க. இது ஸ்டார்ட்டர் மோட்டார்."

எதிர்ச் சுவரில் ஹெட்லைட் வெளிச்சம் விழுந்திருந்தது. நான் சாவியைத் திருப்பினேன்.

"மங்குதேம்மா," என்றார்.

"உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்."

மங்கியது எனக்கும் நன்றாகவே தெரிந்தது. சுவரே இருட்டாகிப் போனது. ஆனால் பேட்டரி என்று ஒத்துக்கொண்டால் அது எப்படித் தீர்ந்தது என்று அடுத்த கேள்வி வருமே! பதினோரு வருட அனுபவத்தையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் என்றே நின்றேன். அதற்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்வதைப் பற்றி ஒரு சொற்பொழிவுகூட ஆற்றினேன். மகள் வாட்ச்சைப் பார்த்தாள்.

"உங்க ஆபீஸுக்கே போன் போடேன்," என்று சொல்லிவிட்டு, கணவர் தானே நம்பரை அடித்து ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தது கிளி.

"வணக்கம். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது."

"நான்தான்டி."

"அக்கா, நீங்களா! இருங்க, வரிசையாத்தான் கேக்கணும்." கேட்டாள். விளக்கு எரிகிறதா, மங்குகிறதா, பேட்டரிக்கு என்ன வயசு. மூன்றுக்கும் சமாளித்தேன்.

"இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பாட்டு, ஃபேன் ஏதாவது ஓடவிட்டீங்களா?"

கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளும்.

"சேச்சே... இல்லவே இல்லை."

என் காதுக்கே கேட்டது, குரல் ஏறியது. அந்தப் பக்கம் கிளி எதையோ டைப் அடித்தாள். "சரிங்க மேடம்," என்றாள். அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன்.

மகளை ஆட்டோவில் அனுப்பலாம் என்றால், "மெக்கானிக் வரட்டும், இன்னும் டைம் இருக்கு" என்று அவள் நகரவில்லை. இருபது நிமிடத்தில் மெக்கானிக் பைக்கில் வந்தார். மீட்டரை வைத்தார். பன்னிரண்டரை இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றரை வோல்ட். "இப்ப சாவியப் போடுங்க." ஏழுக்கு இறங்கியது. தன் பெட்டியிலிருந்த பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்தார். வண்டி முதல் திருப்பலிலேயே கிளம்பியது. ஓடும்போது மறுபடி அளந்தார். பதினாலு.

"சார்ஜ் ஏறுறதுல குறையே இல்ல. மோட்டாரும் நல்லா இருக்கு. பேட்டரிதான் போச்சு. வயசாகிப் போகல. தினமும் காலியாக்கிக் காலியாக்கி போயிருக்கு." பிறகு குனிந்து உள்ளே பார்த்தார். "இந்த சீட் ஏன் இவ்ளோ சாஞ்சிருக்கு?"

மகளும் எட்டிப் பார்த்தாள். "அம்மா! வீட்ல காணாமப் போன தலகாணி!"

தலையணைக்குக் கீழே பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டாள், புண்ணியவதி. கணவர் தலையணையை எடுத்துத் தூசி தட்டினார்.

"டிராஃபிக் ரொம்ப ஜாஸ்தியோ?" என்றார்.

மகள் பரீட்சைக்கு நேரத்துக்குப் போய்விட்டாள். சாயங்காலம் புது பேட்டரி வந்தது. கணவர் மட்டும் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்:

"வீட்டுக்கு வரப் பிடிக்கலியா?"

"வீடு பிடிக்கும். குட் ஈவ்னிங் ஆன்ட்டிதான் பிடிக்கல. பதினாலு தடவ."

அவர் சட்டையை மடித்து முடித்தார். "எனக்கும்தான் சார், சார்னு காது வலிக்குது. நான் பாத்ரூம்ல போய் நிக்கிறேன்." பிறகு, "கீழ என்ன பாட்டு கேப்ப?" என்றார். சொன்னேன். சிரித்துவிட்டார்.

ஆபீஸில் அவ்வளவு சுலபமாகத் தப்பவில்லை. மாதக் கூட்டத்தில், வாடிக்கையாளர்கள் எப்படி மறைக்கிறார்கள் என்பதற்கு மேனேஜர் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். பெயரை மட்டும் வெட்டியிருந்தார். "சேச்சே... இல்லவே இல்லை" என்று என் குரல் அறை முழுக்கக் கேட்டது. முப்பது பேரும் மேஜையைப் பார்த்தார்கள். கிளி தன் நகத்தை ஆராய்ந்தாள்.

"இதுல எங்க பொய் வருதுன்னு யாராவது சொல்லுங்க," என்றார் மேனேஜர்.

கடைசியில் நான்தான் கையைத் தூக்கினேன்.

"முதல் வார்த்தையிலிருந்தே, சார்."

அறை குலுங்கிவிட்டது. அன்றுமுதல் யாராவது லேட்டாக வந்தால், "என்ன, கார்ல பாட்டா?" என்று கேட்பது எங்கள் ஆபீஸில் வழக்கமாகிவிட்டது.

இப்போது காரை முழுசாக ஆஃப் செய்துவிட்டு, போனில் பாட்டு கேட்கிறேன். ட்யூஷன் முடிந்ததும், "எல்லாரும் போயாச்சு, வா" என்று கணவர் மெசேஜ் அனுப்புகிறார். சில நாள் அது வந்த பிறகும் இன்னொரு பாட்டு கேட்டுவிட்டுத்தான் மேலே போகிறேன். ஏன் லேட் என்றால், லிஃப்ட் வரவில்லை என்கிறேன்.