லேசருக்கு முன்னால் நான் கேட்காத கேள்வி

கண் ஆஸ்பத்திரியில் ஆலோசகர் வேலை என்பது, டாக்டர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனதை இருபது நிமிடம் விளக்கிவிட்டு, கடைசியில் "அப்ப டாக்டர் இன்னாதான் சொன்னாரு?" என்று கேட்கிறவரிடம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிற வேலை. காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக இதைச் செய்துவருகிறேன். கண்ணாடியைத் தூக்கிப் போடும் ஆசையோடு வருகிறவர்களை உட்காரவைத்து, லேசர் யாருக்கு ஒத்துவரும், யாருக்கு ஒத்துவராது, செய்துகொண்டபின் என்னென்ன ஆகும் என்று சொல்வது என் பொறுப்பு.

மூக்கின் இரண்டு பக்கமும் தழும்போடு திரிகிற கண்ணாடிக்காரர்களே, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அடுத்தவருக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் நம்ம கட்சி என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த ஒன்பது வருடத்தில் நிறையப் பேரைச் சரியாகவே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒருவரை, கற்பகம் அக்காவை, கேட்கவேண்டியதைக் கேட்காமல் உள்ளே அனுப்பினேன். அவர் பிழைப்பில் கைவைத்துவிட்டேன். அவர் கதைக்கு வருவதற்கு முன் மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எப்போதுமே இப்படித்தான் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் மூக்கில் இருந்த கண்ணாடி

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் நான்கு. லேசர் என்றால் கருவிழியைக் கொஞ்சம் செதுக்கி எடுப்பது. செதுக்குகிற அளவுக்கு என் கருவிழியில் தடிமன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஸ்கேன் எடுத்துப் பார்த்து டாக்டர் கையை விரித்துவிட்டார். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் ஒருவரும் நம்புவதில்லை.

செவிலிமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். தினமும் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். நான் பேசிய இருபது நிமிடமும் என் முகத்தைப் பார்க்காமல் என் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்மதப் படிவத்தின் பொடி எழுத்தைப் படித்துக் காட்டும் நேரம் வந்தது. வழக்கம்போல் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். எங்களைப் போன்ற கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இது ஒரு சௌகரியம். எதிரே வருகிற பஸ்ஸின் நம்பர் தெரியாது, ஆனால் வயது நாற்பதைத் தாண்டினாலும் வெறும் கண்ணுக்கு எறும்பின் கால்கூடத் தெரியும். மனிதர் அதற்குமேல் பொறுக்கவில்லை: "சமையல்காரரே வெளிய போயி பார்சல் வாங்கித் துன்ற ஓட்டல்ல என்னை ஒக்காந்து சாப்புட சொல்றீங்களே மேடம், நாயமா?"

நிச்சயத்தில் இல்லாத கண்ணாடி

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு பெண்ணை அவள் அம்மா அழைத்துக்கொண்டு வந்தார். ஒரு கையில் பத்திரிகைக் கட்டு, இன்னொரு கையில் பெண். "லென்ஸ் போடுற பழக்கம் உண்டா?" என்று கேட்டேன். "அய்யோ, கெடையவே கெடையாது" என்றார் அம்மா. பெண் தரையைப் பார்த்தாள். பரிசோதனைக்கு உள்ளே அனுப்பினால், கண்ணிலேயே லென்ஸ் இருக்கிறது என்று இரண்டே நிமிடத்தில் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லென்ஸ் போடுகிறவர்களுக்குக் கருவிழியின் வடிவம் கொஞ்சம் மாறியிருக்கும். குறைந்தது இரண்டு வாரமாவது போடாமல் விட்டுவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும். இல்லையென்றால் அளவே பொய்யாகிவிடும், செதுக்கியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

மெதுவாக விசாரித்ததில், பெண் கண்ணாடி போடுகிறவள் என்பதே மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது என்று தெரிந்தது. கல்யாணம் முடியட்டும், நிதானமாக வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். செய்தது சரிதான். ஆனாலும் போகிற வீட்டில் கண்ணாடிப் பெட்டியை எந்தப் புடவைக்கு அடியில் ஒளித்து வைப்பாளோ என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. அம்மா முன்னால் போனதும் அவள் ஒரு நிமிடம் நின்றாள்: "தாலி கட்டும்போது அவரு மூஞ்சி தெரியலன்னாகூட பரவால்ல மேடம், ஆல்பத்துல நான் கண்ணாடியோட இருக்கக் கூடாதாம்."

பவர் நிற்கிற வரைக்கும்

தென்னேரியிலிருந்து ஒரு பெண், பத்தொன்பது வயது, போலீஸ் வேலைக்குத் தயார் செய்துகொண்டிருந்தவள். விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பயிற்சி எடுக்கிறாளாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்குப் பவர் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு வருடமாவது பவர் ஒரே அளவில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் இன்று செதுக்கினாலும் நாளை மறுபடி கண்ணாடி வந்துவிடும் என்று சொன்னேன். அவள் பழைய சீட்டுகளை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். இன்றைக்கும் காக்கி உடுப்பில் எந்தப் பெண்ணைக் கண்டாலும் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்க்கிறேன், இதுவரை அவள் இல்லை. அன்றைக்குக் கதவருகே போனபிறகு கேட்டாள்: "பவர் நிக்கிற வரைக்கும் செலக்சன் நிக்குமா மேடம்?"

ஹவுஸ் ஒய்ஃப்

கற்பகம் அக்கா பெரிய காஞ்சிபுரம். வயது நாற்பத்து நான்கு, இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்று, பல வருடமாக மாறாத பவர். கண்ணில் வறட்சி இல்லை, சர்க்கரை இல்லை, கருவிழி நல்ல தடிமன். பார்த்தவுடனே எனக்குச் சந்தோஷம். இவரைத் திருப்பி அனுப்ப ஒரு காரணமும் இல்லை. கூட வந்த கணவர்தான் படிவத்தை நிரப்பினார். தொழில் என்ற இடத்தில் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்று எழுதினார். நான் அதன்மேல் ஒரு டிக் போட்டேன்.

"ஏன்கா கண்ணாடி வேணாம்ங்கிறீங்க?" என்று கேட்டேன். "நாள்பூரா கழட்டி கழட்டி வெக்கிறேன் மா. வெச்ச எடம் தெரியல. மூணு ஒடஞ்சிபோச்சி, ஒண்ணுமேல நானே ஒக்காந்துட்டேன்" என்றார். எதற்காக நாள் முழுக்கக் கழற்றுகிறார் என்று யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே, "இனிமே கழட்டுற வேலையே கெடையாதுக்கா" என்றேன். எனக்கு அது சாமர்த்தியமான பதிலாகத் தோன்றியது.

பிறகு கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு படிவத்தைப் படித்துக் காட்டினேன். ஏழாவது வரி: நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குச் சிகிச்சைக்குப் பின் படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படலாம். இதைப் படித்தேன், மறைக்கவில்லை. படிவத்தில் இருந்ததை இருந்தபடியே படித்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கணவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்: "படிக்கிறதுக்குத்தானே? நான் எந்தக் காலத்துல மா படிச்சேன்!"

கோபுரத்துப் பொம்மைகள்

சிகிச்சை முடிந்த மறுநாள் பரிசோதனைக்கு வந்தார். சுவரில் மாட்டிய பலகையில் கடைசி வரிவரைக்கும் தெரிந்தது. எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம் தெரியும். அதன் நிழலிலேயே வாழ்ந்தவர், அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டும் வரவில்லை. இந்த வேலையில் இருக்கிற சந்தோஷமே இந்த ஒரு நாள்தான். அக்கா ஜன்னலைவிட்டுத் திரும்பாமலே சொன்னார்: "அந்தப் பொம்மைங்களுக்குக் கண்ணு மூக்கெல்லாம் வெச்சிருக்குது மா, கல்யாணமாயி வந்ததுலேர்ந்து வெறுங்கண்ணுக்குத் தெரிஞ்சதே இல்ல."

ஒரு கொத்து நூல்

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார், இந்தத் தடவை தனியாக. என் மேசைமேல் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே அரக்கு நிறப் பட்டு இழைகள். ஒன்றை இழுத்து என் முன்னால் நீட்டினார். "இதோட முனை தெரியுதா உனக்கு?" கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தேன். தெரிந்தது. "எனக்குத் தெரியலையே மா" என்றார்.

அப்போதுதான் அவர் என்ன வேலை செய்கிறார் என்பதே எனக்குத் தெரிந்தது. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் இழைக்கட்டு, நெய்து தீர்ந்ததும், புதுப் பாவை ஏற்றி, பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதியதன் ஒவ்வோர் இழையையும் விரலால் முறுக்கிச் சேர்க்கவேண்டும். ஆயிரக்கணக்கான இழை. பிணைக்கிறது என்பார்கள். அதில் ஒன்று தப்பினாலும் புடவை முழுக்கக் கோடு விழும். அவர் தெருவில் பாவு பிணைக்க முதலில் ஆள் அனுப்புவது கற்பகம் அக்கா வீட்டுக்குத்தானாம். கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முகத்தை இழைக்குக் கிட்டே கொண்டுபோய், பேசிக்கொண்டே பிணைப்பாராம். நாற்பதுக்குமேல் மற்றவர்களுக்குக் கிட்டத்தில் மங்கும், இவருக்கு மங்காமல் காத்த அந்த மைனஸ் மூன்றுதான் அவருக்குக் கருவி. அதைத்தான் நாங்கள் சுத்தமாகச் செதுக்கி எடுத்துவிட்டோம். இப்போது இழை இரண்டாகத் தெரிகிறது, தலை வலிக்கிறது, இரண்டு தறிக்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். தூரப் பார்வை துல்லியமாக இருந்தது. புத்தகத்தின்படி சிகிச்சை வெற்றி. கிட்டத்துக்கு ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அக்கா வெளியே போனதும் நான் பாவு பிணைக்கும் வேலையைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்: "முன்னாடியே சொல்லிருந்தா ஒரு கண்ணுல கொஞ்சம் மைனஸ் விட்டு வெச்சிருக்கலாமான்னு பாத்திருப்பேனே மா, இல்ல வேணாம்னே சொல்லிருப்பேன். ஃபார்ம்ல ஹவுஸ் ஒய்ஃப்னுதானே இருந்துது?"

இஞ்ச் டேப்

அந்தக் கண்ணாடி புத்தகம் படிக்கிற தூரத்துக்கானது. இழை அதைவிடக் கிட்டே இருக்கிறது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இஞ்ச் டேப்போடு அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் பக்கத்துத் தறியில் இருந்தார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். படிவத்தில் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்று எழுதியது அவர் கை என்பது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அக்கா தறிக்குப் பின்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி ஓர் இழையைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்று பிணைத்தார், அது அவிழ்ந்தது, மறுபடி பிணைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா" என்று சொல்வதற்குப் பதிலாக டேப்பை இழுத்தேன். கண்ணுக்கும் இழைக்கும் எத்தனை அங்குலம் என்று அளந்து குறித்துக்கொண்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அது.

அந்த அளவுக்கு டாக்டர் வேறொரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். இப்போது பிணைக்கிறார். முன்பு ஒரு நாளில் முடித்ததற்கு இப்போது இரண்டு நாள் ஆகிறது. ஒரு தறிக்காரர் திரும்பி வந்தார், இன்னொருவர் வரவில்லை. வாசலில் யார் வந்தது என்று பார்க்க அக்கா கண்ணாடியைக் கழற்றவேண்டும், இழைக்குத் திரும்ப மாட்டவேண்டும். இனிமேல் கழற்றுகிற வேலையே கிடையாது என்று சொன்னவள் நான்.

புதுக் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றைக்குக் காபி கொடுத்தார். கோபமாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகக் குடித்திருப்பேன். கேட்கவேண்டும் என்று ரொம்ப நாளாக வைத்திருந்ததைச் சாதாரணமாகத்தான் கேட்டார்: "அந்தத் தாளப் படிக்கச் சொல்லோ நீ கண்ணாடியத் தலைமேல ஏத்திக்கினு கிட்ட வெச்சித்தானே மா படிச்ச, நான் பாத்துக்கினுதான் இருந்தேன்; ஒனக்குத் தெரிஞ்சது எனக்கு ஏன் மா சொல்லல?"

இப்போதெல்லாம் படிவத்தில் 'ஹவுஸ் ஒய்ஃப்' என்று கண்டால் பேனாவை மூடிவைத்துவிட்டு "கையில இன்னா வேலைக்கா செய்யறீங்க, எவ்ளோ கிட்ட வெச்சி?" என்று கேட்டுவிடுகிறேன், ஒன்பது வருடம் இருபது இருபது நிமிடமாகப் பேசித் தள்ளியதில், அரை நிமிடம் பிடிக்கிற இந்த ஒரு கேள்விக்குத்தான் எனக்கு நேரமில்லாமல் போயிருந்தது.