எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

எங்க நர்சிங் கல்லூரி முதல்வருக்கு ஆராய்ச்சின்னா உசுரு. அதைச் செய்யறதுதான் ஆகாது.

குன்னூர்ல அந்தக் கல்லூரியில நான் பாடம் எடுக்கறேன். எழுதினவங்க வரிசையில முதல்ல என் பேர் இருக்கற ஆராய்ச்சிக் கட்டுரை ஒண்ணு வெளிவந்தாத்தான் எனக்குப் பதவி உயர்வு. அதுக்காக கீழ் கோத்தகிரி டீ எஸ்டேட்ல ஒரு வேலையை ஆரம்பிச்சேன். பிரஷர் மாத்திரையை மறந்துடற பெண்களுக்குக் காலையில போன் அடிக்கும், என் குரல் ஞாபகப்படுத்தும். அது பதிவு பண்ணின குரல்னு எத்தனை தடவை சொன்னாலும், "போட்டுட்டேனுங்க டீச்சர், நீங்க சாப்டீங்களா?"ன்னு அதுகிட்டயே விசாரிப்பாங்க. மிஸ்ட் இறங்குனா சிக்னல் போயிரும். அப்ப நானே பஸ் ஏறிப் போய், கொழுந்து நிறுக்கற இடத்துல நின்னு பிரஷர் பார்ப்பேன். அட்டை கடிச்ச தழும்பு இன்னும் கணுக்கால்ல கிடக்குது.

முதல்வரும் ஒரு தடவை வந்தாரு. மேனேஜர் பங்களாவுல டீ குடிச்சாரு, "குளிர் ஜாஸ்தி"ன்னாரு, காரேறிட்டாரு.

போன், கம்ப்யூட்டர் வழி மருத்துவத்துக்குன்னே இருக்கற ஒரு வெளிநாட்டு இதழுக்குக் கட்டுரையைத் தயார் பண்ணினேன். அவங்க போடற சட்டத்துக்கு முன்னால சம்பந்தி வீட்டுக்காரங்க தோத்துப் போயிருவாங்க. அட்டவணை இப்படி இருக்கணும், சுருக்கம் இவ்வளவுதான் இருக்கணும், இந்த இடத்துல கமா ஆகாது. எல்லாத்தையும் ஒத்தை ஆளா முடிச்சு முதல்வர்கிட்டக் கொண்டு போனா, அவர் பார்த்தது முதல் பக்கம் மட்டும். பேனாவை எடுத்து என் பேருக்கு மேல அவர் பேரை எழுதினாரு.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ஒரு மரியாதை இருக்குதில்லீங்களா?"

யாருக்குன்னு நான் கேட்கலை. அவர் கையெழுத்து இல்லாம கட்டுரை கல்லூரி வாசலைத் தாண்டாது. யார் யார் என்ன செஞ்சாங்கன்னு இதழ்ல கேட்டிருந்தாங்க. அவர் பேருக்கு நேரா "வழிகாட்டல்"னு அடிச்சேன். எஸ்டேட்டுக்கு வழியே அவர் டிரைவருக்குத்தான் தெரியும்.

அனுப்பினதும், பேர் இருக்கற எல்லாருக்கும் இதழ்ல இருந்து மெயில் வரும்: இந்தக் கட்டுரை உங்களோடதா? ஆமான்னா இங்க அமுக்குங்க, இல்லைன்னா இங்க. அதையும் அவர்கிட்டச் சொன்னேன். போன்ல இருந்து கண்ணை எடுக்காம "ம்ம்"னாரு.

அந்த வாரம்தான் கல்லூரியில ஆன்லைன் மோசடி பத்தி ஒரு வகுப்பு. தலைமை அவரே. அந்தச் சூட்டோட ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்ல எழுதினாரு பாருங்க:

"எச்சரிக்கை. எஸ்டேட் பெண்கள், மாத்திரை என்று ஏதோ ஒரு கட்டுரையில் என் பெயரைச் சேர்த்து மோசடி மெயில் வந்துள்ளது. எனக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இல்லை என்பதையே அழுத்திவிட்டேன். அனைவரும் உஷார்."

எல்லாரும் கும்பிடு போட்டாங்க. நானும் ஒண்ணு போட்டேன்.

இதழ்ல இருந்து என்கிட்ட விளக்கம் கேட்டாங்க. அந்தச் செய்தியையே வரி மாறாம இங்கிலீஷ்ல எழுதி அனுப்பினேன். அவர் பேரை எடுத்துட்டாங்க. என் பேர் மேல வந்துச்சு.

யாரோ சொல்லித் தெரிஞ்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டாரு. "ஏம்மா, அது நம்மளுதுங்களா?"

"ஆமாங்க சார்."

"திரும்பச் சேர்த்தச் சொல்லுங்க."

"சேர்த்தலாங்க சார். நீங்க என்ன செஞ்சீங்கன்னு நீங்களே ஒரு வரி எழுதணுமாம்."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வெச்சேன். ரெண்டு எழுத்து அடிச்சு, அழிச்சாரு. "அந்தம்மாக்களுக்கு என்ன, சுகர்தானுங்களே?"

"பிரஷருங்க சார்."

லேப்டாப்பை மூடினாரு. "போகட்டும் விடுங்க. சின்னவங்க முன்னுக்கு வரட்டும்."

கட்டுரை வந்துச்சு, பதவி உயர்வும் வந்துச்சு. பாராட்டுக் கூட்டத்துல மைக்கைப் பிடிச்சு, "இவங்களுக்காக என் பேரையே விட்டுக்குடுத்தேன்"னாரு. கீழ பாதி ஸ்டாஃப் போனைத் திறந்து அந்த எச்சரிக்கையைத் தேடிட்டு இருந்தாங்க. நான் தேடலை. வந்த அன்னைக்கே அதுக்கு நட்சத்திரம் போட்டு வெச்சுட்டேன்.