ஃபிலிம் இல்லாமல் அடித்த பிளாஷ்

பொள்ளாச்சியில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். ஆனைமலைக்கு மேலே, பஸ் போகாத ஒரு மலைக்கிராமத்தைப் படமெடுக்கப் போயிருந்தேன். ஃபிலிம் தீர்ந்த பிறகும் ஜனங்கள் விடவில்லை. "சிரிங்க, காசா பணமா!" என்று கிண்டலடித்தபடி வெறும் பிளாஷ் அடித்தேன். கல்யாண வீடுகளில் நாங்கள் செய்யும் குறும்புதான்.

மறுவாரம் அந்த ஊர்க்காரர் ஒருவர் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, எம்புள்ள படம் குடுங்க. நாளன்னிக்குக் கண்ணாலம். மலைக்கு அந்தப்பக்கம் போயிட்டா எப்பப் பாப்பனோ!"

உண்மையைச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "அப்பக் கெளம்புங்க கண்ணு. புள்ள இன்னும் ஊட்லதான் இருக்குது."

அவரோடு மலையேறினேன். "இப்பவாச்சும் ஃபிலிம் போட்டீங்களா?" என்று அந்தப் பெண் கேட்க, ஊரே சிரித்தது.

இப்போதெல்லாம் "தீந்துபோச்சுங்க" என்று சொல்லிவிடுகிறேன். முகம் வாடுகிறார்கள்தான்; ஆனால் இல்லாத படத்துக்காக யாரும் மலையிறங்கி வருவதில்லை.