மழையில் மடக்கிய குடை

ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிவந்து எட்டு மாதம். துணிக்கடையில் துணி அளக்கிறேன். முதலாளி போட்டுக் கழித்த கோட்டுதான் எனக்கு உடுப்பு.

இன்று மாலை நல்ல மழை. குடையோடு கடைத்தெருவில் நடந்தேன். எதிரே கைக்குழந்தையோடு தோட்டத்து ஆட்கள் இருவர், புருஷனும் பெண்டாட்டியும். என் கோட்டைப் பார்த்ததும் அவர் தம் குடையை மடக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்.

"புள்ள நனையுதுங்க," என்றாள் அவள்.

"சும்மா இரு. கிராணி ஐயா போவட்டும்."

தோட்டத்தில் கணக்கெழுதி அதிகாரம் பண்ணும் கிராணியைக் கண்டால் நானும் அப்படி மடக்கியவன்தான். "நான் கிராணி இல்லண்ணே, குடைய விரிங்க" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மெதுவாகவே நடந்தேன்.

தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்தவர்களே, நீங்கள் சொல்லியிருப்பீர்களா? சட்டென்று 'ஆமாம்' என்று எனக்குப் பதில் எழுதிவிடாதீர்கள். குழந்தை தும்மியது எனக்கும் கேட்டது.